கத்தாத வீடு

மூன்று நாற்பதுக்கு ஒரு போன் அடித்தது. மூன்று நாற்பத்திரண்டுக்கு அலுவலகத்தின் ஐந்து போனும் சேர்ந்து அடித்தன.

"பார்த்துக்கிட்டே இருக்கோம் சார்," என்று போன் எடுக்கும் பெண் மூன்று பேருக்கு ஒரே மூச்சில் பதில் சொன்னாள். பத்து நாளாக இதே வேளை, இதே பதில்.

"எதைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கொக்கு அவள் பக்கம் குனிந்து கேட்டான்.

"சுவத்தை."

கொக்குக்கு அவளை எப்போதுமே பிடிக்கும். அவன் கால்கள் நீளம், கழுத்தும் நீளம், அதனால் அந்தப் பெயர். எட்டு மாதத்துக்கு முன்புவரை இதே அலுவலகத்தில்தான் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான். இப்போது துப்பறிகிற மேடத்துக்கு உதவியாள். மேடம் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபீசில் புகார் கேட்டு வயிறு வளர்த்தவர். ஊர்க்காரர்கள் எதற்காகப் பொய் சொல்வார்கள், எந்த நேரத்தில் சொல்வார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

கம்பி இல்லாமல் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்கிற சின்ன கம்பெனி அது. நடுவில் ஒரு டவர். ஒவ்வொரு மொட்டைமாடியிலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ரேடியோ. அதிலிருந்து ஒரு கேபிள் இறங்கி வீட்டு ரவுட்டருக்குப் போகும். டவரின் மேற்குப் பக்கம் அறுபத்து மூன்று வீடுகள். பத்து நாளாக, அநேகமாகத் தினமும் மூன்று நாற்பதுக்கு மேற்கு முழுக்க இணைப்பு செத்துப்போகிறது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் தானாக எழுந்து உட்காருகிறது.

"இதுல துப்பறிய ஒண்ணுமில்ல மேடம்," என்றார் முதலாளி. "பண்றவன் யாருன்னு எனக்குத் தெரியும். எழுத்துல ஒரு ஆதாரம் குடுத்தீங்கன்னா போதும். அஞ்சு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன்."

மேஜைமேல் புகார்க் கடிதம் தயாராக இருந்தது. அதில் இருந்த பெயர் கொக்கின் அத்தானுடையது. கூடப்பிறந்த அக்காவின் கணவர். இந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாகத் தலைமை டெக்னீஷியன். வேலைச் சீட்டு இல்லாமல் பத்து நாளில் பதினோரு வீட்டு மாடிகளில் ஏறியிருக்கிறார். எல்லாம் மேற்குப் பக்கம். ஏன் ஏறினாய் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. மூன்று நாளுக்கு முன் வேலையிலிருந்து நிறுத்திவைத்தாயிற்று. இந்தக் கடிதம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால், அப்புறம் எந்த ஊரில் எவன் அவரை வீட்டு மாடியில் ஏறவிடுவான்?

உறவு மேடத்துக்குத் தெரியும். காலையிலேயே சொல்லிவிட்டார்: "சொந்தக்காரன் கேசு. உன் வாய்க்கு இன்னைக்கு லீவு. காலு மட்டும் வேலை செய்யட்டும்."

"வாய்க்குச் சம்பளத்தோட லீவா மேடம்?"

"இந்த மாதிரி பேசினா சம்பளம் இல்லாம."

முதலாளி மாடிகளில் எடுத்த போட்டோக்களை நீட்டினார். மேடம் அவற்றைத் தொடவே இல்லை. "புகார் நோட்டைக் குடுங்க," என்று போன் எடுக்கும் பெண்ணிடம் கையை நீட்டினார்.

---

இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர். மேற்கு வாடிக்கையாளர்களில் அதிகம் கத்துபவர் அவர்தான்.

"நெட் இல்லாம எக்ஸ்ரே படம் திறக்கல. எந்தப் பல்லைப் பிடுங்கறதுன்னு நான் ஜோசியமா பார்க்க முடியும்?"

"நோயாளி வாயைத் திறந்து வச்சுக்கிட்டே இருக்காரு டாக்டர். அவரைக் கேட்டா சொல்ல மாட்டாரா?" என்றான் கொக்கு. நாற்காலியில் இருந்தவர் ஏதோ சொன்னார். வாயில் பஞ்சு இருந்ததால் புரியவில்லை.

கொக்கு டாக்டரின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த இன்டர்நெட் முகவரியைத் தேடி எடுத்தான். கம்பெனி தருகிற எல்லா முகவரியும் நூறு என்ற எண்ணில் தொடங்கும். இது நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது.

அவன் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

"என்னடா?" என்றார் மேடம். நோட்டுப் புத்தகத்தை விரித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த முகவரி கம்பெனி குடுத்தது இல்ல. யாரோ ஒரு வீட்டு ரவுட்டர் குடுத்திருக்கு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"ரவுட்டர்னா வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கற குமாஸ்தா மேடம். வீட்டுல இருக்கற போனு, லேப்டாப்புக்கெல்லாம் முகவரி எழுதிக் குடுப்பான். பின்னாடி ஒரு நீல ஓட்டை, நாலு மஞ்சள் ஓட்டை. மாடிலேர்ந்து வர்ற கேபிள் நீலத்துல இருக்கணும். தப்பா மஞ்சள்ல சொருகிட்டா, குமாஸ்தா வெளிப்பக்கமா திரும்பிடுவான். மாடி ஏறி, டவர் வழியா, அறுபத்து மூணு வீட்டுக்கும் முகவரி எழுத ஆரம்பிச்சுடுவான். வாங்கினவங்கல்லாம் அவன் சொன்ன வழியில போவாங்க. போனா முட்டுச்சந்து."

"அப்ப இது சதி இல்ல. யாரோ ஒருத்தர் ஓட்டை மாத்திச் சொருகியிருக்காங்க."

"ஆமா."

"வாடிக்கையாளர் தப்பா சொருகுவாங்கன்னு கம்பெனிக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்குத்தான் மாடி ரேடியோவுல ஒரு பூட்டு உண்டு. வீட்டுப் பக்கத்திலேர்ந்து யாரு முகவரி குடுத்தாலும் அங்கேயே தடுத்துடும். பூட்டு இருந்தா தப்பா சொருகின வீடு மட்டும்தான் கெடும். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அந்த வீட்டுல பூட்டு இல்ல."

"இல்ல போல."

மேடம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டுக்குத் திரும்பினார். பூட்டுப் போடாமல் விடுகிற ஆள் ஒருவனை கொக்குக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்க்கிற ஆள்தான். நாக்கால் கடைவாயைத் துழாவினான். பல் டாக்டர் அவன் வாயைப் பார்த்து, "சொத்தை இருக்கா?" என்றார். அவன் மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

---

மேடம் தெருவில் நின்றபடியே நோட்டில் கோடு போட்டார்.

"எல்லாரும் யாரு ஜாஸ்தி கத்தறாங்கன்னு பார்ப்பாங்க. கத்தறவன் பாதிக்கப்பட்டவன். அவனை விட்டுடு. யாரு கத்தலைன்னு பாரு. அறுபத்து மூணுல அறுபது வீடு இந்தப் பத்து நாள்ல ஒரு தடவையாவது போன் பண்ணியிருக்கு. மூணு பண்ணல. ஒரு வீடு ரெண்டு மாசமா பூட்டிக் கிடக்கு. ஒரு வீடு முதலாளியோடது. அவர் எதுக்குப் போன் பண்ணணும், நேர்லயே கத்திடறாரு. மிச்சம் ஒண்ணு."

கொக்கு தலையாட்டினான்.

"இன்னொண்ணு. பத்து நாள்ல ஞாயித்துக்கிழமையும் வியாழக்கிழமையும் மட்டும் ஒரு புகார் கூட இல்ல. ஞாயிறு லீவு, புரியுது. வியாழன் என்ன?"

அவன் தோளைக் குலுக்கினான். மற்ற நாளாக இருந்தால் வியாழனுக்கு என்று ஒரு வம்பு வைத்திருப்பான்.

மிச்சமிருந்த அந்த ஒரு வீட்டின் கதவை ஒரு அம்மா திறந்தார். கம்பெனி என்று கேட்டதும் வாயில் விரல் வைத்தார். உள்ளே கூடத்து மேஜையில் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண், புத்தகத்துக்குள் முகம் புதைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் ரவுட்டர். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. மாடியிலிருந்து இறங்கிய கேபிள் மஞ்சள் ஓட்டையில் இருந்தது.

மேடம் அந்த அம்மாவைச் சமையலறைக்கு நடத்திப் போனார்.

"பரீட்சை எப்போ?"

"அடுத்த வாரம் முடியுது." அப்புறம்தான் அந்த அம்மாவுக்கு உறைத்தது. முகம் சிவந்தது. "எப்படித் தெரியும்?"

"லைட்டெல்லாம் எரியுதே."

"எரியணும். எரியலேன்னா ஸ்விட்சைப் பார்க்க வந்துடுவா." குரலைத் தாழ்த்தினார். "ஸ்கூல் விட்டு வந்தா அந்தப் போனைக் கீழ வைக்க மாட்டா. கேபிளைப் பிடுங்கினா நான் கெட்டவ, மூணு நாள் பேச மாட்டா. ஒரு நாள் தூசி தட்டறப்ப மாத்திச் சொருகிட்டேன். லைட்டு எரியுது, நெட்டு வரல. கம்பெனி கெட்டதாயிடுச்சு, நான் நல்லவளாயிட்டேன். அவளும் கம்பெனியைத் திட்டிட்டு உட்கார்ந்து படிச்சா. அஞ்சு மணிக்கு ட்யூஷன், பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புவா. அப்ப நீலத்துக்கு மாத்திடுவேன்."

"போன வியாழக்கிழமை?"

"காய்ச்சல். பாவம், படம் பார்க்கட்டும்னு விட்டுட்டேன்."

மேடம் அறுபத்திரண்டு வீட்டுக் கதையை நிதானமாகச் சொன்னார். அந்த அம்மா கேஸ் அடுப்பை அணைத்தார்.

"பக்கத்து வீட்டம்மா நெட் இல்லேன்னு தினம் வந்து திட்டுவாங்க. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவங்க பையன் வெளியூர்ல ஆஸ்பத்திரியில இருக்கான், தினம் நாலு மணிக்குத்தான் முகம் பார்த்துப் பேசுவான்." கூடத்தில் இருந்த மகளை எட்டிப் பார்த்தார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

கொக்கு வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். சொல்லாமல் இருப்பதில் அந்த அம்மாவுக்குப் பத்து நாள் அனுபவம். அவனுக்கு எட்டு மாதம்.

---

மாடியில் ரேடியோ ஒரு கம்பத்தில் இருந்தது. மேடம் கைப்பிடிச் சுவருக்குப் போய் அந்தப் பக்கத் தெருவைப் பார்த்தபடி நின்றார். கொக்கு லேப்டாப்பை மடியில் வைத்து ரேடியோவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான்.

பூட்டு போட வேண்டிய கட்டம் காலி. மேலே, வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பேக்கரி மாடி' என்று இருந்தது.

இந்தத் தெருவில் பேக்கரியே கிடையாது.

பேக்கரி மாடியில் அவன் ஒரு நாள் சோதனைக்காகப் பூட்டை ஐந்து நிமிடம் கழற்றினான். அந்த நிலையிலேயே அமைப்பு மொத்தத்தையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டான். ஒவ்வொரு மாடியிலும் வெயிலில் உட்கார்ந்து ஏழு நிமிடம் தட்டுவதற்குப் பதில், அதே கோப்பை ஏற்றினால் ஒரு நிமிடம். நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அவன் பத்து முடித்தான். கைதட்டல் கூட வாங்கினான். இரண்டாம் நாள் மாலை கோப்பில் பூட்டு இல்லாததைப் பார்த்தான். அதற்குள் மேற்கில் பத்தொன்பது மாடி ஆகியிருந்தது. அமைப்பை மாடியில் இருந்துதான் மாற்ற முடியும், சொன்னால் பத்தொன்பதும் திரும்ப ஏற வேண்டும். சனிக்கிழமையோடு வேலையை விடுவதாக ஏற்கனவே சொல்லியாயிற்று. கோப்பைத் திருத்தினான். வாயைத் திறக்கவில்லை. வழியனுப்பு விழாவில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பினான்.

இப்போது கட்டத்தில் ஒரு குறி வைத்துப் பெயரை மாற்றினால் போதும். அரை நிமிட வேலை. மேடத்தின் முதுகுதான் இந்தப் பக்கம். "இந்த ரேடியோ சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடலாம். கடிதத்தில் அத்தான் பெயர் அப்படியே இருக்கும்.

விரல் கட்டத்தின் மேல் நின்றது. நிறைய நேரம் நின்றது.

"நான்தான் மேடம்," என்றான்.

"ம்."

"பூட்டுப் போடாதது நான். பத்தொன்பது வீடு."

மேடம் திரும்பினார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "பல் டாக்டர் கிட்ட அடிச்சதுதான் உன் கடைசி ஜோக். அதுக்கப்புறம் வியாழக்கிழமையைக் கூடச் சும்மா விட்டுட்ட. கத்தாத வீட்டைத் தேடி நான் தெருத்தெருவா அலையறேன், கத்தாத ஆளு என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருக்கான்."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சொல்லியிருப்ப. அது வேற." அவர் மாடிப்படிக்கு நடந்தார். "அந்த ரேடியோவை மாத்தாதே. ஆதாரமா அப்படியே இருக்கட்டும். மணி நாலு நாற்பது."

---

முதலாளி காரின் சாவியைக் கையில் எடுத்திருந்தார். கொக்கு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கோப்பு, பேக்கரி, பத்தொன்பது. போன் எடுக்கும் பெண் அடிக்கிற போனை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேற்குல 'பேக்கரி மாடி'ன்னு எத்தனை ரேடியோ இருக்குன்னு பாரும்மா," என்றார் மேடம் அவளிடம்.

அவள் தட்டினாள். "எட்டு."

"பத்தொன்பதுன்னான்," என்றார் முதலாளி.

"மிச்சம் பதினொண்ணு பழைய பதிவுல இருக்கு சார். இந்தப் பத்து நாள்ல பேரை மாத்தி, பூட்டும் போட்டிருக்கு." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பதினொன்றுக்கும் எதிரில் அத்தானின் குறியீட்டு எண் இருந்தது.

முதலாளி போட்டோக்களை எடுத்தார். எண்ணத் தேவையில்லை. பதினோரு மாடி.

கொக்கும் அப்போதுதான் பார்த்தான். திரையில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தான். அத்தான் கெடுக்க ஏறவில்லை. முதல் நாளே எதிலோ 'பேக்கரி மாடி'யைப் பார்த்திருக்கிறார். யார் கைவேலை என்று தெரிந்திருக்கிறது. முதலாளிக்குத் தெரியாமல், ஒரு வீடு, இரண்டு வீடு என்று மைத்துனன் பின்னால் துடைத்துக்கொண்டே போயிருக்கிறார். பிடிபட்டதும் வேலையைப் பறிகொடுத்தார். காரணத்தைச் சொல்லவில்லை.

"சரி," என்றார் முதலாளி. அவர் குரல் கெட்டியானது. பேனாவை எடுத்துக் கடிதத்தில் இருந்த பெயரை அடித்தார். "அப்ப உன் பேரை எழுதிக்கறேன்."

"எழுதுங்க," என்றான் கொக்கு. அவனுக்கு மூச்சு விட முடிந்தது.

"எழுதுங்க," என்றார் மேடமும். "பக்கத்துல இன்னொரு பேருக்கு இடம் விடுங்க."

"யாரு?"

"வீட்டு மாடியில ஒரு பூட்டு. அதை ஒருத்தன் விட்டுட்டா ஊரே நாசமாகும்னு தெரிஞ்சும் டவர்ல ஒரு பூட்டு வைக்காம இருப்பாங்களா? ஒரு வீட்டுப் பேச்சு இன்னொரு வீட்டுக்குத் தாவக் கூடாதுன்னு டவரே தடுக்கணும் இல்ல?"

முதலாளி பேனாவை மூடினார்.

"இருந்துச்சு," என்றாள் போன் எடுக்கும் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சார் வீட்டுல உட்கார்ந்து குடோன் கேமராவைப் பார்க்க முடியலேன்னு எடுக்கச் சொன்னாரு. ரெண்டும் மேற்குப் பக்கம். பூட்டு இருந்தா ஒண்ணுக்கொண்ணு தெரியாது. ஒரு வருஷம் ஆச்சு. அவரு, அதான் கொக்கோட அத்தான், ரெண்டு தடவை வேணாம்னு சொன்னாரு."

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் போனை எடுத்து, "பார்த்துக்கிட்டே இருக்கோம் சார்," என்றாள். இந்த முறை முதலாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு ஐம்பதுக்கு எல்லா போனும் அடங்கியது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் ட்யூஷனுக்குக் கிளம்பியிருப்பாள். ஐந்தடித்தது. முதலாளி எழுந்திருக்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார். மேடத்தை அல்ல, கொக்கை.

"டவர் பூட்டை இப்பவே போடுங்க. அத்தானை வேலைக்குக் கூப்பிடுங்க. நீங்களே போன் பண்ணுங்க. பாக்கி எட்டு வீட்டை நான் முடிக்கறேன்."

"குடோனு?"

"நடந்து போய்ப் பாருங்க," என்றார் மேடம். "உடம்புக்கு நல்லது."

---

அத்தான் பன்னிரண்டாவது வீட்டின் மொட்டைமாடியில்தான் இருந்தார். வேலையிலிருந்து நிறுத்தினாலும் அவர் நிறுத்தவில்லை. துணி தேய்க்கிற கடைக்கு மேலே, வெயில் சாய்ந்த பக்கமாகக் குந்தி உட்கார்ந்து, இடுக்கியால் கேபிளைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் போன் வந்துவிட்டது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சந்தோஷமாக இல்லை.

"அத்தான்."

"அந்த டேப்பை எடு."

எடுத்துக் கொடுத்தான். அவர் சுற்றினார். மூன்று சுற்று, நாலு சுற்று.

"எதுக்கு அத்தான் சொல்லாம இருந்தீங்க? எங்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? உன் வேலை, நீதான சொல்லணும்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஸ்டேஷன் வரைக்கும் போகணும்னு ஒண்ணும் எனக்கு ஆசையில்ல. இன்னும் எட்டு வீடு. நாலு நாள்ல முடிச்சிருப்பேன். அதுக்குள்ள நீ வந்துடுவேன்னு ஒரு கணக்கு."

கொக்கு லேப்டாப்பைத் திறந்தான். பூட்டைப் போட்டான். பெயரை மாற்றினான். கோப்பை ஏற்றாமல் மற்ற கட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான், ஏழு நிமிடமும் பிடித்தது. அவர் ஒவ்வொரு கட்டத்தையும் தோளுக்கு மேலிருந்து பார்த்தார்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

அத்தான் கருவிகளைப் பையில் போட்டார். இடுக்கி, கத்தி, டேப். ஜிப்பை இழுத்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. திரும்ப இழுத்தார்.

"முதல் நாளே தெரியும். ஞாயித்துக்கிழமை உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டாளே, எதுக்குன்னு நெனச்ச? மூணு தடவை தட்டுல வச்சா. ஒவ்வொரு தடவையும் நீ வாயைத் திறப்பேன்னு பார்த்தா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். "நீ என்னமோ ஜோக் சொன்ன. நல்லாத்தான் இருந்துச்சு. நீ போனப்புறம் அவ சாப்பிடல."